தாசில்தாருக்கு அரிப்பு

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் இருந்தாலும் இந்த மாட்டாஸ்பத்திரிக் கூரை இடிந்து என் தலையில் விழட்டும். என்ன, மேலே பார்க்கிறீங்க? விழாது. போன ஐப்பசி மழையிலேயே விழுந்திருக்க வேண்டிய கூரை. நான் வாரா வாரம் இதே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் நிற்கிறது. நான் பொய் பேசாதவன் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. என் நாய் கடிக்க மாட்டான். கடிக்க இவனுக்கு நேரம் எங்கே இருக்கிறது? சொறியவே பொழுது போதவில்லை.

பெயர் தாசில்தார். ஆமாம், தாசில்தார்தான். வீட்டுப் பட்டா மாற்றுவதற்காக நான் ஆபீஸ் ஆபீஸாக நின்ற காலத்தில் இவன் குட்டியாக வந்தான். அங்கே எல்லோரும் என்னை நில் என்றார்கள், இரு என்றார்கள், போய்ட்டு வா என்றார்கள். வீட்டுக்கு வந்து, "தாசில்தார், உட்காரு!" என்று ஒரு அதட்டல் போடுவேன் பாருங்க, அந்தச் சுகம் பட்டா கைக்கு வந்தபோதுகூடக் கிடைக்கவில்லை. அப்பன் அசல் ராஜபாளையம். அம்மாவைப் பற்றி நாம் பேச வேண்டாம். நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், அந்த விசில் இன்னும் சட்டைப் பையில் கிடக்கிறது. ஒரு விசில் கொடுத்தால் நிற்பான், ரெண்டு கொடுத்தால் கிளம்புவான். ஒரு தடவை நான் இவனுக்குக் கொடுத்த விசிலில் மதுரை எக்ஸ்பிரஸ் பஸ்ஸே நின்று, டிரைவர் இறங்கி வந்து சண்டை போட்டார். அது வேற கதை.

இப்போது பாருங்க இவனை. வெள்ளைவெளேர் என்று கோவில் குதிரை மாதிரி இருந்தவன். வயிற்றுப் பக்கம் ரோமமே இல்லை, யானைத் தோல் மாதிரி கறுத்துப்போய்விட்டது. காதுக்குள் மோந்து பார்த்தால் புளித்த மாவு வாடை. பாதத்தை நக்கி நக்கி, வெற்றிலை போட்டவன் உதடு மாதிரி ஆக்கிவைத்திருக்கிறான்.

சொறியாத நேரம் இல்லை. பின்னங்காலால் காதைச் சொறிய ஆரம்பித்தானென்றால் முதலில் கட்டில் ஆடும். கட்டில் ஆடினால் பீரோ ஆடும். பீரோ ஆடினால் அதன் மேலே இருக்கிற எவர்சில்வர் குடம் உருளும். ஒரு நாள் தெருவே வெளியே வந்து நின்றுவிட்டது, பூமி அதிர்ச்சி என்று. எதிர்வீட்டுக்காரர் நகைப்பெட்டியோடு ஓடிவந்தார், சம்சாரத்தை உள்ளேயே விட்டுவிட்டு. இன்றைக்கு வரைக்கும் அந்த அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பதில்லை. சிரிக்காதீங்க தம்பி, நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு எங்களுக்குத் தீர்ப்பு நாள். என் மகன் செண்பகராஜ் வந்துகொண்டிருக்கிறான், ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டு. டாக்டரம்மா வாயிலிருந்து, "இந்தச் சாப்பாட்டு வைத்தியமும் பலிக்கலை" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், இவனை வாடகை ஆட்டோவில் ஏற்றிக் கழுகுமலைப் பக்கம் அவன் மச்சினனுடைய கோழிப்பண்ணையில் கொண்டுபோய்க் கட்டிவிடுவானாம். சங்கிலி கூட வாங்கியாயிற்று. தாசில்தாருக்குச் சங்கிலி! விசிலுக்கு நிற்கிற நாய்க்கு!

எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று தம்பி. முதலில் வேப்பெண்ணெய் தடவினேன். நக்கிவிட்டு வாந்தி எடுத்தான். அப்புறம் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்து உடம்பு முழுக்க அப்பினேன். மஞ்சள் காய்ந்து, தங்கம் மாதிரி தெருவில் இறங்கி நடந்தான் பாருங்க, சந்தைக்குப் போன ஒரு அம்மா பைரவரே நேரில் வந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூடையிலிருந்த பூவை எடுத்து இவன் தலையில் வைத்துவிட்டுப் போனாள். பூவோடு ஒரு வாரம் திரிந்தான். அரிப்பு மட்டும் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரன் ஒருவன் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவச் சொன்னான். தடவுவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் போட்ட சத்தத்தில் உள்ளே படுத்திருந்த எருமை எழுந்து நின்றுவிட்டது. "ஐயா, அதை நக்கினா ஈரல் போயிடும், நாயே போயிடும்!" என்றார்.

நல்ல பெண்தான் டாக்டரம்மா. சின்ன வயது, பொறுமை ஜாஸ்தி. முதலில் சீப்பை வைத்து வாரி, தெள்ளு இருக்கிறதா, உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார். கழுத்தில் சொட்டு மருந்து விட்டார். வீட்டில் இருக்கிற சாக்கு, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசச் சொன்னார். அப்புறம் பிளேடால் தோலைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, பூதக்கண்ணாடி மிஷினில் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை என்றார். ஊசி போட்டால் கொஞ்ச நாள் சும்மா இருப்பான், மறுபடி தொடங்குவான். கடைசியாகத்தான் சொன்னார்: "ஐயா, இவனுக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்கலைன்னு தோணுது. எதுன்னு கண்டுபிடிக்க ஒரே வழிதான். ரெண்டு மாசம் சாதமும் சாளை மீனும் மட்டும். இதுவரைக்கும் தின்ன வேற எதுவும் கூடாது. கோழி கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, பிஸ்கெட் கூடாது, கோதுமை கூடாது. ஒரு துணுக்கு உள்ள போனாலும் எல்லாம் வீண்."

"ஒரு துணுக்கு கூடவா?"

"ஒரு துணுக்கு கூட. நடுவில ஏதாவது போயிருந்தா மறைக்காம சொல்லிடுங்க, மறுபடி முதல்லேர்ந்து பார்ப்போம். ஒண்ணுமே போகாமயும் அரிப்பு நிக்கலைன்னா, அப்புறம் சாப்பாடு காரணமில்லை. ஆயுசு முழுக்க மாத்திரைதான்."

ஆயுசு முழுக்க மாத்திரை என்றதும் மகன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே கோழிப்பண்ணை தெரிந்தது.

நான் விடுவேனா? வீட்டுக்குப் போனதும் பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி கத்தினேன்: "எல்லாரும் கேட்டுக்கோங்க! தாசில்தாருக்கு மீனும் சோறும் மட்டும்! ஒரு துணுக்கு கூடாது! துணுக்கு!"

என் மருமகள் ஜெயசுதா அப்போதே ஒரு மாதிரி பார்த்தாள். "மாமா, அதே மாதிரி உங்க டாக்டரும் ஒண்ணு சொல்லியிருக்காரு, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்குச் சர்க்கரை தம்பி. அவ்வளவாக இல்லை, ஏதோ கொஞ்சம். அதற்கு அந்தப் பெண் போடுகிற கெடுபிடி இருக்கிறதே! காலையில் கோதுமை உப்புமா. ராத்திரி கேப்பைக் களி. தீபாவளிக்கு எல்லோருக்கும் அதிரசம், எனக்கு வெள்ளரிக்காய். ஒரே வீட்டில் ரெண்டு கைதி, நானும் தாசில்தாரும். அவனுக்காவது மீன் கிடைத்தது.

மீனை அவள்தான் வேகவைப்பாள். உப்பு இல்லாமல், மஞ்சள் இல்லாமல், முள் எடுத்து, ஆறவைத்து. புரட்டாசி மாசம் எங்கள் வீட்டில் கவுச்சி சேர்ப்பதில்லை, அவளுக்குப் பெருமாள் என்றால் உயிர். அப்படியும் பின்பக்கம் தனி அடுப்பு வைத்து, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மீன் வேகவைத்துப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடிப்பு தம்பி, சுத்த நடிப்பு. முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றவன் நான். டிக்கெட் எடுக்காதவன்தான் முதலில் எழுந்து கிழவிக்கு இடம் கொடுப்பான்.

ஏனென்றால் அரிப்பு நிற்கவில்லை. பாருங்க, ரெண்டு வாரம் ஆயிற்று, இம்மி குறையவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். யாரோ ஒரு துரோகி. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காலையில் இவனை வாக்கிங் கூட்டிக்கொண்டு போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காவல்தான். வாக்கிங் என் டாக்டர் சொன்னது. ஞானதிரவியம் டீக்கடை வரைக்கும் போவோம், ஒரு டீ குடிப்போம், திரும்புவோம். வெறும் டீ வயிற்றைப் புரட்டுகிறது, அதற்காக ஒரு ரஸ்க். கருகின ஓரம் என் பல்லுக்கு ஆகாது, அது தாசில்தார் பங்கு. அவ்வளவுதான். வந்ததும் வாசலில் உட்கார்ந்துவிடுவேன், யார் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு.

முதலில் பிரம்மசக்தியைப் பிடித்தேன். பக்கத்து வீடு. தேய்பிறை அஷ்டமி வந்தால் பைரவருக்கு வேண்டிக்கொண்டு தெருநாய்களுக்கெல்லாம் தயிர்ச்சாதமும் வடையும் வைக்கிற அம்மா. தயிர் என்றால் பால்தானே? பிடித்தேன் பாருங்க.

"யம்மா பிரம்மசக்தி, என் நாய்க்கு என்னத்தைப் போட்டே?" என்றேன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து.

"ஏன்யா பால்வண்ணம், உன் நாய்க்குப் போட எனக்கென்ன வேண்டுதல்?" என்றாள். "தெருவில ஒண்ணுக்கும் வீடில்லை, வாசலில்லை, அதுகளுக்குப் போடுறேன். உன் நாய்தான் வேளைக்கு மீன் திங்குதே. எங்க வீட்டுக்காரருக்கே நான் அந்த மீனைக் கண்ணுல காட்டலை!"

"பொய் சொல்லாதே! கைநிறைய வடையோட நின்னியே!"

"சாமிக்கு வெச்ச வடையப் பேசாதே, நாக்கு அழுகிடும்!" என்று சொல்லி, கையிலிருந்த தட்டைத் தடால் என்று கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த அஷ்டமிக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு வேற தெருவுக்குப் போய்விட்டாள். எங்கள் தெரு நாய்களெல்லாம் கூடி என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தன. பதினெட்டு நாய், ஒரே ராகம். சங்கீதம் தெரிந்த ஒருவர் நின்று கேட்டு முகாரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, பிரம்மசக்தியும் நிறுத்திவிட்டாள். அரிப்பு நின்றதா? நிற்கவில்லை. அப்புறம் யார் மிச்சம்? நீங்களே சொல்லுங்க. வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்? நான், என் மகன், மருமகள். மகன் பகலெல்லாம் ஆபீஸ்.

அதனால்தான் சூடம் கொளுத்தினேன்.

உங்கள் பக்கமும் உண்டல்லவா, சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவது? எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சே கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பித்தளைத் தட்டில் சூடத்தை ஏற்றி நடுவீட்டில் வைத்தேன். "வரிசையா வந்து அணைங்க. 'இந்த வாசற்படிக்குள்ளே தாசில்தாருக்கு மீனும் சோறும் தவிர நான் ஒண்ணும் கொடுக்கலை' என்று சொல்லி அணைக்கணும்" என்றேன்.

வாசற்படிக்குள்ளே என்று சேர்த்தது நான்தான். சத்தியம் என்றால் எல்லை வேண்டும் தம்பி. டிக்கெட்டில் ஏறுமிடம், இறங்குமிடம் போடுவதில்லையா? அந்த மாதிரி. தொழில் பழக்கம்.

நான்தான் முதல் ஆளாக அணைத்தேன். அடுத்து மகனைக் கூப்பிட்டேன். "அப்பா, நாய்க்கெல்லாம் யாராவது சத்தியம் பண்ணுவாங்களா? ஊரு சிரிக்கும்பா" என்றான். "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்குது போல" என்றேன். அந்த வார்த்தை அவனுக்குச் சொன்னது இல்லை, மருமகளுக்குச் சொன்னது. அவளுக்கும் புரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து வந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லி, உள்ளங்கையை அந்தச் சூடத்தின் மேல் வைத்தாள். எல்லோரும் பட்டென்று தட்டி அணைப்பார்கள் அல்லவா? அவள் வைத்த கையை எடுக்கவில்லை. மகன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். கொப்புளம் போட்டிருந்தது. அந்தக் கையோடு போய் மீனுக்கு முள் எடுத்தாள்.

பிடிவாதம் தம்பி, அந்தக் காலத்து ஆட்களுக்குக்கூட இவ்வளவு கிடையாது.

அன்றையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. உப்புமாவைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். முன்னாலெல்லாம், "மாமா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பாள். இப்போது மாத்திரை மட்டும் தட்டு ஓரத்தில் இருக்கும். மகன்தான் அன்றைக்குச் சொன்னான்: "அப்பா, இந்த நாயால வீட்டில மனுஷங்க மூஞ்சி பார்த்துப் பேசிக்கிறதில்லை. கெடு முடியட்டும். டாக்டரம்மா பலிக்கலைன்னு சொல்லிட்டா, தாசில்தார் பண்ணைக்குப் போறான். இதுக்கு மேல ஒரு பேச்சு கிடையாது."

நாயாலேயாம்! இவன் என்ன பண்ணினான்? சொறிந்தான். வேற என்ன பண்ணினான்? யாரோ பண்ணின துரோகத்துக்கு இவன் கோழிப்பண்ணையில் போய்க் கிடக்கணுமா? கோழிக்கு விசில் ஊதத் தெரியுமா? காலையில் நான் யாரோடு போய் டீ குடிக்கிறது? தனியாக நின்று டீ குடித்துப் பார்த்திருக்கிறீங்களா? கிளாஸ் சூடு கூடக் கைக்கு வராது.

நல்ல வேளை, டீக்காரர் வந்துவிட்டார். இங்கேயும் கொண்டுவருவார், கேனில். உங்களுக்கு ஒன்று? சும்மா குடிங்க, உங்கள் ஆட்டுக்குக் கால் நொண்டுகிற கவலை உங்களுக்கு. ஐயா, ஒரு ரஸ்க்கும் கொடுங்க. சர்க்கரை கம்மியாகத்தான் போட்டிருக்கிறார், மோசமில்லை. இந்தாடா தாசில்தார், ஓரம். பாருங்க, எப்படி வாங்குகிறான், விரலில் பல் படாமல். பூ மாதிரி. இந்த நாயைப் போய்...

என்ன கேட்டீங்க?

இதுவா? ரஸ்க். ரஸ்க் தம்பி, டீக்குத் தொட்டுக்கிறது. பிஸ்கெட் இல்லையே. பிஸ்கெட் கூடாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார், அதனால்தான் பிஸ்கெட்டை நான் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இவனுக்குச் சாப்பாடா போடுகிறேன்? துளி ஓரம்.

ரஸ்க்கை எதில் பண்ணுவார்களா? மைதாவில். எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

மைதாவை எதில்?

எதில் பண்ணுவார்கள்? மைதா மைதாவில்தான்... சும்மா இருங்க தம்பி. கோதுமை என்றால் எனக்குத் தெரியாதா? தினமும் தின்கிறேன். பழுப்பாக, சவசவ என்று, தொண்டையில் இறங்காது. மைதா வெள்ளையாக, பஞ்சு மாதிரி, அது எப்படிக் கோதுமையில்... ஏங்க டீக்காரரே, மைதா எதிலேர்ந்து வருது?

ஓகோ.

நிஜமாகவா? தவிட்டை எடுத்துவிட்டால் அதேதானா?

...

இல்லை, ஒன்றுமில்லை. டீ சூடாக இருக்கிறது, அதான் கண்ணில் தண்ணீர்.

டேய் தாசில்தார், சொறியாதே. சொறியாதேடா. கொஞ்ச நேரம் சும்மா இரு.

தினமும் ஒரு துணுக்குத்தான் தம்பி. இவன்தான் பார்ப்பான். நான் கடிக்கிற ஒவ்வொரு கடிக்கும் என் வாயையே பார்ப்பான். மனுஷன் எப்படி அப்படி ஒரு பார்வைக்கு முன்னால் நின்று தின்ன முடியும்? தப்பு என்று பார்த்தால் இவன் மேல்தான் தப்பு. நான் ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீங்க. அந்தச் சத்தியம் சத்தியம்தான், வாசற்படிக்குள்ளே நான் ஒன்றும் கொடுக்கவில்லை. டீக்கடை வாசற்படிக்கு வெளியே ரொம்ப தூரம்.

ஆனால் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து பார்ப்போம் என்பார். சொன்னாரே, மறைக்காமல் சொல்லுங்க என்று. அப்படியென்றால் பண்ணை கிடையாது. ஆனால் நான் எப்படிச் சொல்கிறது? டீக்கடை என்றால், ரஸ்க் என்றால், முதலில் என் சர்க்கரை வெளியே வரும். அப்புறம் பிரம்மசக்தி வடை வெளியே வரும். அப்புறம் அந்தப் பெண் கை...

அதோ, கேட்டில் பச்சை வண்டி தெரிகிறதா? என் மகன்தான். பின்னால் உட்கார்ந்திருப்பது மருமகள். இவள் எதற்கு வருகிறாள்? மடியில் என்ன அது, தூக்குவாளி? மீன்தான். இன்றைக்கும் வேகவைத்து எடுத்துக்கொண்டு வருகிறாள் பாருங்க, பண்ணைக்குப் போகிற வழியில் இவனுக்குப் பசிக்கும் என்று.

தாசில்தார், மூஞ்சியைக் காட்டு. மீசையில் தூள் ஒட்டியிருக்கிறது. ம்... துண்டால் துடைத்தாயிற்று. என் சட்டையில் இருக்கிறதா? தட்டிவிடுங்க சீக்கிரம்.

தம்பி, ஒரு உதவி. எங்களை உள்ளே கூப்பிடும்போது நீங்களும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வாங்க, தெரியாமல் நுழைந்த மாதிரி. டாக்டரம்மாவிடம் சும்மா பேச்சுவாக்கில் சொல்லுங்க, 'இந்த நாயை நான் தினமும் டீக்கடையில பார்க்கிறேனே, யாரோ ஒரு கிழவன் ரஸ்க் போடுவானே' என்று. கிழவன் குட்டையாக, கறுப்பாக, வழுக்கையாக இருப்பான் என்று சொல்லுங்க. மீசை கிடையாது. மீசையே கிடையாது, அதை மறந்துவிடாதீங்க. மைதா கோதுமைதான் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்க, அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் மகன் காதில் விழணும். முடிந்தால், வீட்டுப் பொம்பளைங்க யாரும் கொடுக்கலைங்க, அது எனக்கு நல்லாத் தெரியும் என்றும் சொல்லுங்க. அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்க.

என் மகன் திரும்பி, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்பான். கண்டிப்பாகக் கேட்பான், என் பிள்ளையல்லவா. அப்போது ஆட்டைப் பாருங்க, கூரையைப் பாருங்க, எங்கே வேண்டுமானாலும் பாருங்க, என் பக்கம் மட்டும் பார்த்துவிடாதீங்க.